இறந்தவரை வழியனுப்பும் இளையோர் நாவல்: இராமநாதபுரக் கடற்கரையில் எழுதத் தொடங்குவோருக்கு

இறந்தவர்களின் உயிரை உரிய இடத்துக்கு அழைத்துச் செல்லும் சிறுமியையோ சிறுவனையோ வைத்து நாவல் எழுத வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் வரும் இளைஞர்களில் பலர், முதல் அத்தியாயத்திலேயே வெள்ளைப் புடவையையும் நாய் ஊளையையும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தச் சரக்கைக் கடன் வாங்கத் தேவையே இல்லை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்கள் முதல் சேதுக்கரை, அக்னி தீர்த்தம், அரிச்சல்முனை வரையில், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எள்ளும் பிண்டமுமாக வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். இறந்தவரை வழியனுப்புவது இங்கே ஓர் அன்றாட வேலை. அந்த வேலையை உற்றுப் பார்த்தவரால் இந்த நாவலை எழுத முடியும். எப்படித் தொடங்குவது, எந்த வரிசையில் முடிவுகளை எடுப்பது என்பதை என் அனுபவத்தில் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் வேலை, பிறகு நாயகி

உயிரை வழிநடத்துபவர் என்ற பாத்திரம் உலகம் முழுக்க உண்டு. கிரேக்கர்களுக்கு ஆற்றைக் கடத்தும் காரோன் என்ற ஓடக்காரன் இருந்தான். எகிப்தியர்களுக்கு நரித்தலை கொண்ட அனுபிஸ் இருந்தார். கருட புராணத்தில் உயிர் வைதரணி ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. கடோபநிடதத்தில் வரும் நசிகேதன் யமன் வீட்டு வாசலில் மூன்று இரவு பட்டினியாகக் காத்திருந்த சிறுவன் என்பதை நினைத்துப் பார்த்தால், இளையோரை மரணத்தின் வாசலுக்கு அனுப்பிப் பார்ப்பது நமக்கும் பழைய வழக்கம்தான் என்பது புரியும். திருக்குறளின் 43ஆவது குறள் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களின் வரிசையில் தென்புலத்தாரை முதலில் வைக்கிறது. இறந்த முன்னோர் தெற்கே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தெற்கே நடந்து நடந்து நிலம் முடிந்துபோகும் ஓரிடத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய முதலீடு வேண்டாம்.

எனினும் மேலே சொன்ன யாரையும் உங்கள் நாவலுக்குள் இழுத்து வராதீர்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் எல்லோருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஓடக்காரன் கடத்திவிடுவான், அக்கரையில் என்ன நடக்கிறது என்று கேட்க மாட்டான். உங்கள் நாயகியின் கண் நிறத்தையும் அவளுக்குப் பிடித்த பாட்டையும் முடிவு செய்வதற்கு முன், அவள் செய்யும் வேலை என்ன, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரே பத்தியில் எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றலை ஊர்த் தொழிலிலிருந்து எடுங்கள்

நாயகிக்கு ஆவிகளைக் காணும் ஆற்றல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, மின்னல் தாக்கியது, தாயத்து கிடைத்தது, பிறந்த நட்சத்திரம் அப்படி என்றெல்லாம் விடை எழுதுகிறார்கள். அவற்றில் எதுவும் கதையை நகர்த்தாது, ஏனென்றால் அவற்றுக்குச் செலவு இல்லை. செலவும் எல்லையும் உள்ள ஆற்றல்தான் கதையை நகர்த்தும். அப்படிப்பட்டவை நம் ஊர்த் தொழில்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையின் நாயகிக்குப் பதினைந்து வயது. அவளுடைய அம்மா பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண். விரல் நுனிகளில் பாறை கிழிக்காமல் இருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வரும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அம்மாவிடம் மூச்சடக்கக் கற்றுக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு, மூச்சை அடக்கியிருக்கும் நேரம் மட்டுமே இறந்தவர்கள் தெரிவார்கள் என்று நான் விதி வைத்தேன். அதற்குப் பிறகு காட்சிகள் தாமாக அமைந்தன. ஒரு கிழவர் தன் மகன் பெயரைச் சொல்லத் தொடங்கும்போது அவளுக்கு மூச்சு முட்டுகிறது. மேலே வந்து காற்றை இழுத்துவிட்டு மறுபடி அடக்குவதற்குள் அவர் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சளி பிடித்த வாரத்தில் கரையில் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை கூடிப்போகிறது. விதி சரியாக அமைந்துவிட்டால், அடுத்து என்ன நடக்கும் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாசி எடுப்பவரின் மகளை நீங்களும் எழுத வேண்டும் என்பதில்லை. வலை பின்னுபவரின் மகன், ஐஸ் கம்பெனியில் பகுதிநேரம் வேலை பார்க்கும் பையன், கீழக்கரையில் லாத்தாவுக்கு (அக்காவுக்கு) துணையாகத் தையல் மெஷின் மிதிக்கும் பெண் என்று யாரும் இருக்கலாம். அவர்களின் கை எதில் பழகியிருக்கிறதோ அதிலிருந்து ஆற்றலை எடுங்கள்.

கடலுக்கு ஏற்கெனவே இருக்கும் விதிகள்

கற்பனை உலகத்துக்கு விதி அமைப்பதுதான் புதியவர்களை அதிகம் திணறடிக்கும் வேலை. இங்கே உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தனுஷ்கோடியில் நின்றால் ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் நம்மவர்கள் சொல்வார்கள். தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை குளம் போலக் கிடக்கும். வாடைக்காற்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். ஆகவே, எந்த மாதத்தில் இறந்தவரை எந்தக் கடல் வழியாக அனுப்புவது என்ற விதி உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. கார்த்திகையில் இறந்த ஒருவர் வடகடல் வழியாகத்தான் போவேன் என்று அடம் பிடித்தால் அதுவே ஓர் அத்தியாயம்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். சாயம் பூசும் வாசனையும் மரவேலைச் சத்தமுமாக ஊர் இருக்கும். ஆண்கள் பலர் வீட்டில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதே காலத்தில் வருவதால், பள்ளி மாணவியை நாயகியாகக் கொண்ட கதைக்கு அது மிகப் பொருத்தமான காலம்.

இறந்தவர் எந்த ஆண்டு இறந்தார்?

ஒவ்வோர் உயிருக்கும் ஒரு தாள் ஒதுக்கி, இறந்த ஆண்டைத் தலைப்பாக எழுதி, அவருக்குத் தெரிந்த ஊரையும் தெரியாத ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் உங்கள் நாவலைப் பல தவறுகளிலிருந்து காக்கும்.

1964இல் இறந்தவருக்கு 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் தெரியும். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் தெரியாது. ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கலாம் என்பது அவருக்குச் சாதாரணச் செய்தி. அவர் உங்கள் நாயகியிடம் கொழும்புக்கு டிக்கெட் கேட்கக்கூடும். 2017இல் அரிச்சல்முனை வரை போடப்பட்ட தார்ச்சாலை அவரைக் குழப்பும். 2000இல் இறந்தவருக்கோ அந்த இரும்புப் பாலம் இன்னும் ரயில் ஓடும் பாலம்தான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுவதைப் பார்த்து அவர் வாய் பிளந்து நிற்பார். பழைய பாலத்தின் இரண்டு கைகளையும் ஆட்கள் கையால் நெம்பித் தூக்கியதை அவர் விவரிக்க, நாயகி கேட்டுக்கொண்டிருப்பாள். இறந்தவர் தன் ஊரைப் பிள்ளைக்குச் சொல்லவும், பிள்ளை இன்றைய ஊரை இறந்தவருக்குக் காட்டவும் இப்படி இடம் கிடைக்கிறது. இத்தகைய நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களின் உயிர்களும் உங்கள் கதையில் வரலாம். அவர்களை எந்தக் கரைக்கு வழியனுப்புவது என்ற கேள்வியை நாயகி அவசரப்பட்டுத் தீர்த்துவிடக் கூடாது.

உண்மையில் இறந்தவர்களைப் பேயாக்காதீர்கள்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானே செய்த தவறு இது.

1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். என் முதல் வரைவில் நான் அதை ஒரு பேய் ரயிலாக எழுதியிருந்தேன். ஆண்டுதோறும் அதே இரவில் தண்டவாளமே இல்லாத மணலில் விளக்குடன் ஓடி வரும், சன்னல்களில் வெளுத்த முகங்கள் தெரியும் என்றெல்லாம் வருணித்திருந்தேன். அதைப் பாம்பனில் ஒரு மூதாட்டியிடம் படித்துக் காட்டினேன். புயலின்போது அவர் சிறுமி. உறவினர் ஒருவரை அந்த ரயிலில் பறிகொடுத்தவர். கருவாட்டுக் கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் நான் எதிர்பார்த்தபடி கோபப்படவில்லை. "அவங்கெல்லாம் நனைஞ்சுபோயி வந்துருப்பாகளே தம்பி, ஒன் கதையில வர்ற புள்ள மாத்துத் துணி ஒண்ணு குடுக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவே அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். நாங்கள் இறந்தவருக்குக் கோடித் துணி போடுகிறோம். முஸ்லிம்கள் கஃபன் துணி உடுத்துகிறார்கள். துணி கொடுத்து அனுப்புவது என்ற செயல் எங்கும் இருக்கும்போது, என் கதையில் மட்டும் அவர்கள் அறுபது ஆண்டுகளாக ஈரத்தோடு பயணிகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது என் நாயகி, வழியனுப்பும் ஒவ்வோர் இரவும் தோள்பையில் இரண்டு உலர்ந்த துண்டுகள் வைத்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அவள் முதலில் செய்யும் வேலை தலை துவட்டக் கொடுப்பதுதான். அவர்கள் யார், எப்படி இறந்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். அந்த நிகழ்வை, சங்கிலிச் சத்தம் கேட்கும் அத்தியாயமாக எழுதிய வரைவுகளை நான் படித்திருக்கிறேன். தயவுசெய்து எழுதாதீர்கள். உண்மையான பேரழிவில் இறந்தவர்களின் குடும்பங்கள் உங்கள் வாசகர்களுக்கு நடுவில் இருக்கின்றன. அந்த நிகழ்வு உங்கள் கதைக்குக் கட்டாயம் வேண்டும் என்றால், இறந்தவரை மனிதராக, பெயரும் பசியும் விருப்பமும் உள்ளவராகக் கொண்டுவாருங்கள். உண்மையில் இறந்தவரின் பெயரைப் பயன்படுத்தாமல் உங்கள் சொந்தப் பாத்திரத்தைப் படைத்துக்கொள்ளுங்கள்.

உடல் கிடைக்காதவர்கள்

நாவலின் மையச் சிக்கலுக்கு நான் சொல்லும் இடம் இது. கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் வீட்டில் துக்கமும் நடக்காது, நல்லதும் நடக்காது. உடல் இல்லாமல் காரியம் செய்ய மனம் வராது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். புகைப்படத்துக்கு மாலை போட்டால் அவரைக் கொன்றுவிட்டதாகத் தோன்றும். சட்டமும் காத்திருக்கச் சொல்கிறது. ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழாண்டுகள் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்றால், அதன் பிறகு அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

இப்போது உங்கள் நாயகியை அந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் குடிவையுங்கள். காணாமல் போனவரின் உயிரை அவள் கரையில் பார்த்துவிட்டாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன் தினமும் அவளோடுதான் பள்ளிக்கு நடக்கிறான். அவள் சொன்னால் அந்த வீட்டின் காத்திருப்பு முடியும், நம்பிக்கையும் முடியும். சொல்லாவிட்டால் உயிர் ஏழாண்டு கரையில் நிற்கும். வாளும் மந்திரமும் இல்லாமலே நூறு பக்கம் எழுதுவதற்கு இந்த ஒரு சூழல் போதும். இளைய வாசகர்கள் இத்தகைய பொறுப்பைப் புரிந்துகொள்வார்களா என்று ஐயப்பட வேண்டாம். பெரியவர்கள் தங்களிடம் எதை மறைக்கிறார்கள் என்பதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

பல சமயங்கள், ஒரே கரை

முஸ்லிம்களுக்கு பர்ஸக், கத்தோலிக்கருக்கு உத்தரிக்கிற ஸ்தலம், இந்துக்களுக்கு பித்ருலோகம் என்று அவரவர் நம்பிக்கைக்கேற்ப இறந்தபின் செல்லும் இடம் வேறுபடுகிறது. இவற்றைக் கலந்து புதிதாக ஒரு மேலுலகம் கட்டி எழுப்பாதீர்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடமாக அது முடியும். எளிய வழி ஒன்று உண்டு. நாயகியின் வேலையை அலைவாய்க்கரையோடு நிறுத்திவிடுங்கள். அவள் அலை கால் தொடும் இடம் வரை வருவாள், அதற்கப்பால் அவரவர் வழி. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் படகை வைத்திருந்தார். முன்னோருக்குக் கடன் தீர்க்க வந்தவர்களைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் படகின் வேலையாக இருந்தது. என் நாயகியின் எல்லையை முடிவு செய்தபோது அந்தப் படகுதான் என் மனத்தில் இருந்தது.

சடங்குகளை எழுதும்போது அந்தந்த வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். நீர்மாலை எடுப்பது, மூன்றாம் நாள் பாத்திஹா ஓதுவது, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவது ஆகியவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சிறிது மாறும். அந்த மாற்றம்தான் உங்கள் கதைக்கு உண்மைத்தன்மை தரும்.

படிப்பவர் வயதை நினைவில் வையுங்கள்

மரணத்தைப் பற்றிய நாவலைத் துயரத்தில் இருக்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளை கையில் எடுப்பது உறுதி. ஆகவே, மரணத்தை விடுதலையாகவும், இறந்தவர்களின் கூட்டத்தை உயிருள்ளோரின் வீட்டைவிட இனிய இடமாகவும் காட்டாதீர்கள். தற்கொலை கதையில் வந்தால் அதன் முறையை விவரிக்காதீர்கள். அதனால் ஏதோ ஒன்று தீர்ந்தது என்றும் காட்டாதீர்கள். நூலின் முதல் பக்கத்தில் தமிழக அரசின் 104 உதவி எண்ணையும், ஒன்றிய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 எண்ணையும் அச்சிடுங்கள். இதைப் பதிப்பாளரிடம் கேட்டு வாங்குவது எழுத்தாளரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

நீளத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதல் நாவலுக்கு முப்பதாயிரம் சொற்கள் போதுமானவை. பத்து அல்லது பன்னிரண்டு உயிர்களுக்கு மேல் வேண்டாம்.

கடைசிச் சொல்லை முதலில் எழுதுங்கள்

நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வர்றேன்' என்கிறோம். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் அதைச் சொல்லாமல் எழுந்து போகிறோம், ஏனென்றால் அந்த வீட்டுக்கு அப்படியொரு வருகை மறுபடி நேரக் கூடாது. அப்படியென்றால், அலைவாய்க்கரையில் நிற்கும் உங்கள் நாயகி, அதற்கப்பால் போகும் உயிரிடம் என்ன சொல்வாள்? 'போயிட்டு வாங்க' என்று சொல்ல முடியாது. 'போங்க' என்று விரட்டவும் முடியாது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டால் துக்க வீட்டு விருந்தாளி ஆகிவிடுவாள். நாவலின் முதல் வரியைத் தொடங்குவதற்கு முன் இந்தக் காட்சியை அரைப்பக்கம் எழுதிப் பாருங்கள். உங்கள் நாயகி யார் என்பது அந்த ஒரு சொல்லில் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் ஏழெட்டு முறை எழுதி அடித்த பிறகு, தினமும் நூறு முறை சொல்லும் 'பாத்துப் போங்க' என்பதில் வந்து நின்றேன்.

எழுதி முடித்ததும் இருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்: கடலில் யாரையாவது இழந்த ஒரு பெரியவர், உங்கள் நாயகியின் வயதுள்ள ஒரு பிள்ளை. இருவரும் எங்கே முகத்தைத் திருப்புகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் திருத்துங்கள். மண்டபத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி என் கடைசி அத்தியாயத்தைக் கேட்டு முடித்துவிட்டு, "அந்தத் தாத்தா பதிலுக்கு ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள். நான் அவருக்குப் பேச்சே எழுதியிருக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, துண்டை மடித்து நாயகியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் "சரித்தா" என்று சொல்வதாக ஒரு வரியைச் சேர்த்தேன்.